விரதத்தின் ஐந்தாம் நாள், மருதமலைப் படியில்

இரண்டு வருடங்களுக்கு முன், கந்த சஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் காலை. மருதமலைப் படியில் பாதித் தூரம் ஏறியிருந்தேன்.

எனக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் பிரச்சினை. தினமும் இரண்டு மாத்திரைகள்: ஒன்று சுரப்பைக் குறைக்க, மற்றொன்று நெஞ்சுப் படபடப்பை அடக்க. சரவணம்பட்டியில் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். விரதத்துக்கும் போட்டேன்: காலையில் இளநீர், மதியம் பால், பொழுது சாய்ந்தபின் ஒரு வாழைப்பழம். மருந்துச் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்றிருந்தது. சாப்பாடே இல்லை, பிறகு மாத்திரை எதற்கு? ஆறு நாளுக்கு நிறுத்திவிட்டேன். மருத்துவரைக் கேட்கவில்லை. கேட்டால் விரதமே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மூன்றாம் நாளே கை நடுங்கியது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

படியில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உட்கார்ந்தேன். அடங்கவில்லை. அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. நாடியை எண்ணப் பார்த்தேன், எண்ண முடியாத வேகம். அம்மாவை அழைக்கக் கைபேசியை எடுத்தால், விரல் திரையில் நிற்கவில்லை. இங்கேயே செத்துவிடுவேன் என்று உறுதியாக நம்பினேன்.

பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“ஏனுங்க, பசி மயக்கமுங்களா?”

மாத்திரையை நிறுத்திய கதையைத் திக்கித் திணறிச் சொன்னேன்.

“அட, என்னங்க நீங்க! நானுஞ் சஷ்டி விரதந்தானுங்க. வலிப்பு மாத்திரைய ஒரு வேளை உட்டதில்லீங்க. முருகன் நம்ம மாத்திரைய எண்ணிக்கிட்டா உக்காந்திருக்கறாரு?”

திட்டிக்கொண்டே என் பையைத் தன் தோளில் மாட்டி, ஒவ்வொரு படியாக என்னை இறக்கினாள். “நீங்க சாமியப் பாக்கலீங்களா?” என்று நான் கேட்டதற்கு, “சாமி எங்கீங்க ஓடிப் போகுது, மொதல்ல காலப் பாத்து வைங்க” என்றாள். ஆட்டோவில் மருத்துவமனை வரை வந்தாள்.

ஈசிஜி எடுத்துவிட்டு மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஐசியூதான்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ரத்தப் பரிசோதனை சரியா வரட்டும், அப்பறம் ஒரு வேளை சாப்பிட்டு மாத்திரையோட விரதம் இருங்கன்னு சொல்லியிருப்பேனே!”

போன வருடம் அவர் சரி என்றபின் அப்படித்தான் இருந்தேன். நெஞ்சு சற்று வேகமாக அடித்தால் இன்றும் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. நான் கேட்கப் பயந்த ஒரு கேள்விக்காக, முகம் தெரியாத ஒருத்தி தன் தரிசனத்தை விட்டுவிட்டுப் படியிறங்கினாள் என்பதை நினைத்தால், மருத்துவர் முன்னால் எதையும் கேட்காமல் எழுந்து வர எனக்கு மனம் வருவதில்லை.