ஏழு சீட்டு

அம்மா குற்றாலத்துக்குக் கிளம்பச் சொன்னபோது, அருவியில் குளிக்கத்தான் போகிறோம் என்று நினைத்து நான் மாற்றுப் பாவாடையைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், ஆனி மாதக் கடைசி. சாரல் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. குத்துக்கல்வலசையில் எங்கள் வாசலில் நின்று பார்த்தால் மேற்கே மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலோடு சேர்த்து அவரையும் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்பது, நாலு பெண்கள் வந்து நாலு மூலையிலும் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா பர்மாவிலிருந்து திரும்பி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே குண்டுச் சில்லு பாய்ந்த புண். ஆறிவிட்டதுபோல மேலே தோல் மூடும். பத்து நாளில் உள்ளிருந்து வீங்கி உடையும். தென்காசி ஆஸ்பத்திரியில் கழுவிக் கட்டுப் போட்டார்கள். அதற்குமேல் அங்கே வசதி இல்லை. எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கிறது, பட்டாளத்து ஆஸ்பத்திரியில்தான் அறுத்து எடுக்க முடியும் என்று கம்பவுண்டர் சொன்னார். அங்கே சேர்வதற்குப் பட்டாளத்து டாக்டர் போர்டு சீட்டுத் தர வேண்டும். போர்டு மதராஸில் இருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பட்டாளத்தை விட்டு வரும்போது, சீக்கிரம் வீடு வந்து சேரும் ஆசையில், உடம்பு நலமாக இருக்கிறது என்று எழுதியிருந்த தாளில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். அதைக் காட்டியே ஒவ்வொரு மனுவும் திரும்பி வந்தது. கடைசியாக வந்த கடிதத்தில், மனுதாரர் போர்டு டாக்டர் முன்னால் நேரில் வந்து நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்பாவால் கொல்லைக்குப் போவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

என் அம்மா நடவுக்கு ஆள் கூட்டுகிறவள். தென்காசியைச் சுற்றியுள்ள வயல்களில் எந்த வயலுக்கு எத்தனை பெண்கள் வேண்டும், யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாரை யார் பக்கத்தில் நிறுத்தினால் சண்டை வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குனிந்து நாற்று நடும்போது பெண்கள் பேசிக்கொள்ளும் பேச்சிலிருந்தே, எங்கள் வீட்டுக்கு வந்த மாதிரிக் கடிதம் வேறு வீடுகளுக்கும் வந்திருப்பதை அவள் தெரிந்துகொண்டாள். இலஞ்சியில் ஒருவர், மேலகரத்தில் இருவர் என்று விசாரித்ததில் அப்பாவோடு சேர்த்து ஏழு பேர் தேறினார்கள். அவர்களில் இருவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர் வடகரை ராவுத்தர். மலைக்காய்ச்சல் வந்து பல் கிட்டிப்போகும் அவருக்கு. அவரை நான் மாமா என்பேன். இன்னொருவர் செங்கோட்டைக்காரர். வெடி ஒன்று பக்கத்தில் வெடித்ததில் ஒரு கண் போய், மற்றக் கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்ததால், அவர் மனுவை மதராஸில் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியிருக்க, போர்டு டாக்டரான வெள்ளைக்காரர் சாரலுக்காகக் குற்றாலம் வந்து, அம்மா ஆள் கூட்டும் வயல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக்காரரான தென்காசிப் பண்ணையாரின் பங்களாவில் ஒரு மாதம் தங்கப்போகிறார் என்று தெரியவந்தது. பங்களாவைத் துடைத்து வெள்ளையடித்த பெண் அம்மாவின் நடவுக் கூட்டத்தில் இருந்தாள்.

இன்னொரு மனு எழுதிப் பார்க்கலாம் என்றார் மேலகரத்துக்காரர் ஒருவர்.

"நேர்ல வரச் சொல்லித்தான அண்ணாச்சி எழுதியிருக்கான்? நேர்லயே போயிருவோம்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "சந்தைக்கு மாட்டக் கொண்டு போற மாதிரி என்னத் தூக்கிட்டுப் போகப் போறியா?" என்றார்.

"மாடுன்னா அதுபாட்டுக்கு நடந்து வந்துரும்" என்றாள் அம்மா. அப்பா சிரித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாட்டுவண்டியின் குலுக்கலை அப்பாவின் கால் தாங்காது என்பதால் தோள்மாற்றித் தோள்மாற்றிப் பெண்களே கட்டிலைச் சுமந்தார்கள். நான் பாவாடைச் சுருட்டோடு பின்னால் நடந்தேன். மற்ற ஆறு பேரும் வந்து சேர்ந்துகொண்டபோது நாலு பேர் கட்டிலில், மூன்று பேர் கைத்தாங்கலில், சுற்றிலும் இருபது பெண்களுக்குமேல். நடவுக்குப் போகும் அதே விறுவிறுப்போடு போனார்கள். தென்காசிக் கடைத்தெருவில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்று கைகூப்பினார். அப்பா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி, "செருப்ப மாட்டுங்க அண்ணாச்சி, உசிரோடதான் இருக்கோம்" என்றார்.

பங்களா வாசலில் கட்டில்களை வரிசையாக இறக்கினார்கள். அருவிச் சத்தம் காதில் விழுந்தது. ஈரத்துணியோடு குளித்துவிட்டு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களோடு குளிக்கலாம் என்று வந்த நான் வேடிக்கைப் பொருளாக இந்தப் பக்கம் இருந்தேன். போலீஸ்காரர் ஒருவர் வந்து ரோட்டை மறிக்கக்கூடாது என்றார். அம்மா உடனே கட்டில்களை ஒரு முழம் பின்னால் தள்ளச் சொன்னாள். ரோடு விடுபட்டது. பங்களா வாசல் முன்னைவிட நன்றாக அடைபட்டது. போலீஸ்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டார்.

பிற்பகலில் டாக்டர் வெளியே வந்தார். நெட்டையான, வயதான மனிதர். முகத்தில் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகம் இருந்தது. விடுமுறையில் வந்த இடத்தில் வேலை வந்து வாசலில் படுத்துக்கொண்டால் யாருக்கும் சங்கடம்தானே. பண்ணையாரின் குமாஸ்தா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். டாக்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து அப்பாவின் கட்டிலருகே நின்றார். குனிந்து காலில் போட்டிருந்த கட்டுத்துணியை அவிழ்த்தார். புண்ணை முகர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினார்.

"உம் புருஷன நாளைக் காலையில ரயில்ல மதுரைக்கு அனுப்புதாராம். பட்டாளத்து ஆஸ்பத்திரியில சேத்துக்கிடுவாவ. மத்தவங்க வீட்டுக்குப் போயி முறைப்படி எழுதிப் போடணுமாம்" என்றார் குமாஸ்தா.

நான் பாவாடைச் சுருட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல எத்தன பேரு எழுதியிருக்கு?"

"ஒரு பேருதான். அதான் சொன்னேன்லா."

"மத்த ஆறு பேரு?"

"ஏட்டி, கெடச்சத வாங்கிட்டுப் போவியா?"

வடகரை மாமா போர்வைக்குள்ளிருந்து, "தங்கச்சி, வாங்கிக்கோம்மா. எங்களப் பாக்காத" என்றார்.

"நீங்க பேசாமப் படுங்கண்ணே" என்றாள் அம்மா. பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கழுத்தைத் திருப்பிப் பக்கத்துக் கட்டில்களையும், மதில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா சீட்டை மடித்துக் குமாஸ்தாவிடமே நீட்டினாள். "ஏழு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்க. ஒரு சீட்டுக்காக நாங்க வரல."

குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே திரும்பினார். நான் அவர் பின்னால் ஓடினேன். படியில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தாங்க, எங்கப்பா சீட்ட எனக்குத் தாங்க" என்று அழுதேன். அம்மா வந்து என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு போனாள். நான் அவள் தோளைக் கடித்தேன். "நீதான் அப்பாவச் சாவடிக்க" என்றேன். இருபது பெண்கள் கேட்டார்கள். அப்பாவும் கேட்டிருப்பார். அம்மா என்னை அடிக்கவில்லை. கட்டிலருகே இறக்கிவிட்டு, அப்பா முகத்தில் சாரல் படாமல் ஓலைத் தடுக்கை நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் முழுக்கப் பங்களாவிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறியது. கடைக்காரர்கள் சிலர் சுக்குக்காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். பெண்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வர, மறுபாதி இருந்தார்கள். ஒருத்திகூட வயலுக்குப் போகவில்லை. அம்மா அதை மட்டும்தான் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் நாள் முற்பகலில் தென்காசியிலிருந்து பண்ணையாரே குதிரைவண்டியில் வந்து இறங்கினார். கட்டில்களைப் பார்க்காத மாதிரி நேராக அம்மாவிடம் வந்தார்.

"ஏட்டி, நாத்தங்கால் பூரா மஞ்சளிச்சுட்டு வருது. நாத்து முத்திருச்சுன்னா என்னத்துக்கு ஆகும்?"

"மாட்டுக்கு ஆகும் ஐயா."

"திமிராப் பேசுத."

"திமிரு இல்லய்யா. ஏழு பேரையும் தொர பாத்துச் சீட்டு எழுதட்டும். மறு நிமிஷம் உங்க வயல்ல நிப்போம். வேற ஆளு வச்சு நட்டுக்கிடணும்னா நட்டுக்கிடுங்க."

வேறு ஆள் கிடையாது என்பது பண்ணையாருக்கும் தெரியும். மேலகரத்திலிருந்து இலஞ்சிவரை நடவு தெரிந்த கைகளில் பாதி அவர் கண்முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் உள்ளே போனார். மூன்று நாளாக விதி, முறை என்று சொல்லிக்கொண்டிருந்த பங்களாவில், நாற்று முத்துகிறது என்றதும் அரை மணி நேரத்தில் வராந்தாவில் மேஜை போட்டார்கள்.

டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒன்று சொல்ல வேண்டும்: பார்க்க ஆரம்பித்த பிறகு அவர் ஒழுங்காகவே பார்த்தார். செங்கோட்டைக்காரர் முறை வந்தபோது குமாஸ்தா, இவர் திருவிதாங்கூர்ப் பிரஜை, இவருக்கு இங்கே எழுத முடியாது என்றார். செங்கோட்டைக்காரர் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது நெஞ்சத்தான அளந்தீய? எந்த ராஜ்யம்னு ஒருத்தனும் கேக்கலியே. எழுதச் சொல்லும்வே."

குமாஸ்தா மொழிபெயர்க்கத் தயங்கினார். டாக்டர் என்ன என்று அதட்டிக் கேட்டு, சொல்ல வைத்தார். கேட்டுவிட்டுக் குனிந்து எழுதினார்.

ஏழு சீட்டும் அம்மா கைக்கு வந்தன. அதோடு அவள் டாக்டரையும் பண்ணையாரையும் விடவில்லை. மறுபடி உடம்புக்கு வந்தால் மறுபடி கட்டில் தூக்க முடியாது, தென்காசி ஆஸ்பத்திரியிலேயே பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கென்று ஓர் அறையும், வாரம் ஒருநாள் அதற்கு ஒரு டாக்டரும் வேண்டும் என்றாள். அதுவும் நடந்தது. வியாழக்கிழமைதோறும் இரண்டு பெண்கள் அந்த அறை வாசலில் போய் நிற்பார்கள். டாக்டர் வராவிட்டால் வெள்ளிக்கிழமை யாரும் வயலில் இறங்க மாட்டார்கள். இரண்டு முறைதான் அப்படி ஆயிற்று. அதற்குப் பிறகு டாக்டர் வராத வியாழன் இல்லை. வடகரை மாமாவுக்குக் காய்ச்சல் மருந்து தவறாமல் கிடைத்தது. செங்கோட்டைக்காரருக்கு மிச்சமிருந்த பார்வை போகாமல் தங்கியது.

அப்பா மதுரையிலிருந்து ஒன்றரை மாதம் கழித்து வந்தார். காலை முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தார்கள். அவரோடு சீட்டு வாங்கிப் போயிருந்த இலஞ்சிக்காரர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னார்: "ரெண்டு நாளு முந்தி வந்திருந்தா எலும்பச் சுரண்டி விட்டிருக்கலாம், காலுக்குப் பழுதிருக்காதுன்னு அங்க உள்ள டாக்டர் சொன்னாரு." அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அகப்பையை வைக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

அவர் போனபிறகு கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். பங்களா வாசலில் இருந்த மூன்று நாளையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவள்தானே நானும்.

"மொத நாளே அந்தச் சீட்ட வாங்கியிருந்தா அப்பா காலு இருந்திருக்கும்லா?"

அம்மா என்னை நேராகப் பார்த்தாள். "இருந்திருக்கும்" என்றாள்.

ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பவும் பாத்திரத்தை விளக்க ஆரம்பித்துவிட்டாள். உள்ளே கட்டிலில் இருந்த அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும்.

தப்பை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நான் நினைத்தேன். அவளை ஜெயித்துவிட்டதாகவே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பங்களா வாசலில், சீட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.