சப்பென்ற தண்ணீர்

ஆலடிப்பேரி ஆற்றங்கரைத் தெருவுக்கு மின்கம்பம் வந்ததில்லை. தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்ததும் அங்கே நாலு சூரிய விளக்குகள் வந்தன. கம்பத்தின் உச்சியில் கறுப்புப் பலகை, அதற்குக் கீழே விளக்கு, அடியில் இரும்புப் பெட்டிக்குள் பாட்டரி.

பொருத்த வந்த இன்ஜினியர் ஸ்ரீவத்ஸன் சென்னைக்காரர். கிளம்பும் நேரத்தில்தான் பராமரிப்பைப் பற்றிச் சொன்னார்.

"மாசம் ஒரு தடவை இந்த ஆறு மூடியையும் திறந்து தண்ணி ஊத்தணும். சுத்தமான தண்ணியா இருக்கணும்."

அதற்குமேல் அவர் சொன்ன இரண்டு வார்த்தைகளை பஸ் ஹாரன் விழுங்கிவிட்டது.

கேட்டுக்கொண்டு நின்றவர் பிச்சைக்கண்ணு. மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது அவர் வேலை. முதல் விளக்கு அவர் வீட்டு வாசலில் நின்றதால் நாலுக்கும் அவரே பொறுப்பு என்று பஞ்சாயத்துத் தலைவர் ஆறுமுகநயினார் சொல்லிவிட்டார். சுத்தமான தண்ணீர் எது என்று தாமிரபரணிக் கரையில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பிச்சைக்கண்ணுவும் கேட்கவில்லை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு நடு ஆற்றுக்குப் போய்ப் பித்தளைக் குடத்தில் மொண்டு வருவார். துணியில் இரண்டு தடவை வடிகட்டுவார். ஆறு துளைகளிலும் பைய ஊற்றுவார். கோவில் அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுப்பவர்கூட அவ்வளவு தூரம் இறங்குவதில்லை.

பத்தாம் மாதம் விளக்குகள் மங்கின. ஏழு மணிக்கு எரியும். ஏழரைக்குக் கண்ணைக் கசக்கும். எட்டுக்கு அணைந்துவிடும். விளக்கடியில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பினார்கள். அவர்களில் பிச்சைக்கண்ணுவின் மனைவி இசக்கியம்மாவும் ஒருத்தி.

"நாலு கட்டு சுத்துததுக்குள்ள ஒங்க லைட்டு ஒறங்கிருது" என்றாள்.

ஸ்ரீவத்ஸனின் ஆபீஸிலிருந்து புதுப் பாட்டரிகள் வந்தன. பிச்சைக்கண்ணு கவனிப்பைக் கூட்டினார். மாதம் இரண்டு தடவை ஊற்றினார். ஆடிப்பெருக்குத் தண்ணீரைத் தனியாக எடுத்துவைத்து ஊற்றினார். ஆயுத பூசைக்கு ஏணி வைத்து ஏறி, நாலு பலகைகளுக்கும் முழு அகலத்துக்கு விபூதிப் பட்டை போட்டார். அன்று சாயங்காலம் எதுவும் எரியவில்லை. மறுநாள் ஏறித் துடைத்துவிட்டு வந்தார்.

இந்தத் தடவை ஏழு மாதம்தான் தாங்கியது. மூன்றாவது செட் பாட்டரியோடு ஒரு கடிதமும் வந்தது. இதுவும் கெட்டால் விளக்குகளைக் கழற்றிச் சாத்தான்குளம் பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே போட்ட விளக்குகள் மூன்று வருடமாக ஒழுங்காக எரிகின்றன.

ஆறுமுகநயினார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"உப்புத் தண்ணிக் காட்டுல எரியுது. ஆத்தங்கரையில எரியலன்னா என்னவே அர்த்தம்?"

பிச்சைக்கண்ணுவுக்கு அர்த்தம் தெரியவில்லை. விளக்கு போனால் இசக்கியம்மா ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள் என்பது மட்டும் தெரிந்தது.

அந்த வாரம் ஜெபகனியின் டீக்கடைக்குப் போனார். ஜெபகனி பாய்லரைக் கவிழ்த்துப்போட்டுக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் விழுந்தன.

"என்ன அண்ணாச்சி இது?"

"தண்ணி கொதிச்சுக் கொதிச்சு அடியில படியுத உப்பு. வருசத்துக்கு ஒருக்க தட்டணும்."

"எந்தக் கெணத்துத் தண்ணி?"

"கெணறா? நம்ம ஆத்துத் தண்ணிதாம்வே."

பிச்சைக்கண்ணு ஒரு செதிலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். டீ குடிக்காமல் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினார்.

அங்கே நேசையா என்பவர் லாரி பாட்டரிக் கடை வைத்திருந்தார்.

"பாட்டரிக்கு என்ன தண்ணி ஊத்துவிய?"

நேசையா அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் பாட்டில்களைக் காட்டினார். "டிஸ்டில்டு வாட்டர். கொதிக்கவச்சு ஆவியப் புடிச்சு ஆறவச்சது. உப்பு கெடையாது, ருசி கெடையாது."

ஹாரன் விழுங்கிய வார்த்தைகள் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்துப் பிச்சைக்கண்ணுவின் காதில் விழுந்தன.

"ஆத்துத் தண்ணி ஊத்துனா?"

"பயிரு வளக்கப் போறீரா? அதுல உள்ள உப்பு பாட்டரியத் தின்னுரும்."

"சாத்தான்குளம் பக்கம் நல்லா எரியுதாமே."

"அவனுக்குத் தன் ஊருத் தண்ணி மேல நம்பிக்க இல்ல. ஆரம்பத்துலருந்தே பாட்டில் வாங்கி ஊத்துதான்."

திரும்பி வந்து தலைவரிடம் சொன்னார். ஆறுமுகநயினார் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார்.

"ஆத்தங்கரையில இருந்துக்கிட்டுத் தண்ணிய வெலைக்கு வாங்கச் சொல்லுதேரு."

"குடிக்கதுக்கு இல்ல. பாட்டரிக்கு."

"நாம குடிக்குத தண்ணி அதுக்கு ஆவாதாக்கும். அது என்ன ஊருக்கு வந்த புது மாப்பிள்ளையா? இனிமே ஆத்தப் பத்திக் கொறச்சல் பேசாதியும். நாக்கு அழுவிரும்."

முதல் வெள்ளிக்கிழமை பிச்சைக்கண்ணு வழக்கம்போல் ஆற்றுக்குப் போனார். குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார். ஆற்றுத் தண்ணீரை இசக்கியம்மாவின் ரசத்துக்குக் கொடுத்துவிட்டு, காலிக் குடத்துக்குள் நேசையாவிடம் வாங்கிவந்த இரண்டு பாட்டில்களை வைத்து, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே வந்தார். விளக்கடியில் குனிந்து ஊற்றும்போது முதுகால் மறைத்துக்கொள்வார்.

"திருட்டுச் சாராயம் கடத்துத மாதிரில்லா இருக்கு" என்றாள் இசக்கியம்மா. ஆனால் பெண்கள் பத்து மணி வரை பீடி சுற்றினார்கள்.

ஒரு வருடம் கழித்து ஸ்ரீவத்ஸன் சோதனைக்கு வந்தார். அன்றைக்குத் தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றப்போவதாகத் தலைவர் அறிவித்திருந்தார். தெருவே கூடியிருந்தது. பிச்சைக்கண்ணுவுக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டிலிருந்த பாட்டில்களையெல்லாம் குடத்திலேயே கவிழ்த்துக் கொண்டுவந்து வைத்தார்.

ஸ்ரீவத்ஸன் கண்ணாடிக் குழலால் பாட்டரித் திராவகத்தை உறிஞ்சிப் பார்த்தார். நாலும் நன்றாக இருந்தன. அவருக்கே ஆச்சரியம்.

"என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"தாமிரபரணி" என்று தெரு முழுக்கச் சொன்னது.

ஆறுமுகநயினார் குடத்திலிருந்து ஒரு டம்ளர் சரித்து நீட்டினார். "குடிச்சுப் பாருங்க சார். ஒங்க ஊருல லாரித் தண்ணிதான கெடைக்கும். இது கல்கண்டு."

பிச்சைக்கண்ணு கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்ரீவத்ஸன் ஒரு வாய் குடித்தார். விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். தலைவரும் ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தார். அவர் முகம் மாறியது.

"என்னவே, சப்புன்னு இருக்கு?"

ஸ்ரீவத்ஸன் பிச்சைக்கண்ணுவையே பார்த்தார். வாயிலிருந்ததை மெல்ல விழுங்கினார்.

"தண்ணி ரொம்ப நல்ல தண்ணி. இதைத் தவிர வேற எதையும் ஊத்தாதீங்க" என்றார். "குடம்தான் சரியில்ல. பித்தளை ஆகாது. பிளாஸ்டிக் பாட்டில்ல வெச்சு ஊத்துங்க."

"பாத்தீரா? கொடம்தான் கெடுத்திருக்கு" என்றார் தலைவர். "இனிமே பாட்டில்ல கொண்டாரும்வே."

"சரி" என்றார் பிச்சைக்கண்ணு.

விளக்குகள் இங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்ரீவத்ஸன் பஸ்ஸுக்கு நடந்தார். வழியில் பிச்சைக்கண்ணுவின் வீட்டு வாசலில் நின்று, "குடிக்கத் தண்ணி கிடைக்குமா? ஆத்துத் தண்ணி" என்று கேட்டார். இரண்டு சொம்பு குடித்தார்.

சாயங்காலம் விளக்கு எரிந்தது. ருசி கெடுத்த குடத்தைப் புளி போட்டு நன்றாக விளக்கச் சொல்லித் தலைவர் ஆள் அனுப்பியிருந்தார். இசக்கியம்மா பீடித்தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு விளக்கடியில் உட்கார்ந்து தேய்த்தாள்.

"ஒரு குத்தமும் செய்யாத கொடம்" என்றாள்.

பிச்சைக்கண்ணு தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"பையப் பேசு" என்றார்.