அந்தக் கடலைக் காணாத மீன்

இந்த நாட்டில் ரப்பர்ப் புழுவுக்கு உள்ளி வாசம் போட்டு விற்கிறார்கள். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். பிராங்பேர்ட்டில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்குள் போனால் ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகள் தொங்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு ரப்பர்ப் புழுக்கள். ஊதா, பச்சை, மினுக்கம் போட்ட கறுப்பு. ‘கும்மிவுர்ம்’ என்பார்கள். தொட்டால் மெதுமெதுவென்று இருக்கும், நுனி வால் தானாகத் துடிக்கும். ஒரு பையைத் திறந்தால் உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு வாசம், இன்னொன்றில் பெருஞ்சீரகம். முதல் நாள் மணந்து பார்த்துவிட்டு, கறிக்கு வேண்டிய பாதிச் சாமானை மீனே விழுங்கிக்கொண்டு வரும்போல என்று கடைக்குள் நின்று சிரித்தேன். அந்த வருசத்தில் நான் சிரித்த நாட்கள் குறைவு. அதனால்தான் இது நினைவில் நிற்கிறது.

மன்னார்க் கரையில் இதை வாசிக்கிற என் ஆட்கள் காறித் துப்புவார்கள் என்று தெரியும். நான் வலைக்காரக் குடும்பம். எங்களுக்குத் தூண்டில் என்பது வேலைவெட்டி இல்லாதவன் பாலத்துக் கட்டில் குந்தியிருந்து பொழுதைப் போக்குகிற சங்கதி. அதிலும் ரப்பர்ப் புழுவைக் கொழுவி, கம்பின் நுனியைச் சும்மா சும்மா ஆட்டி மீனை ஏமாற்றுவதென்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலையை முடித்துவிட்டு, சனி ஞாயிறுகளில் வகுப்புக்குப் போய், ஜேர்மன் மொழியில் சோதனை எழுதி, மீன் பிடிப்பதற்கு அனுமதிப் பத்திரம் எடுத்தவன் நான். பொழுது போகாமல் செய்யவில்லை. என் மனைவி சாப்பிடாமல் செத்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா முல்லைத்தீவுக் கரைக்காரி. தாய் தகப்பன் இல்லை. ஒரேயொரு தங்கை, நிரோஷி. சின்னம்மாவோடு ஊரில் இருந்தவள். 2004 டிசம்பரில், நத்தாருக்கு மறுநாள் கடல் எழும்பி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் இங்கே தொலைக்காட்சியின் முன்னால் இருந்து, யார் யாருடையதோ கடற்கரைகளைக் காட்டக் காட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கரையை ஒருவரும் காட்டவில்லை. ஐந்தாம் நாள்தான் சின்னம்மாவின் குரல் கிடைத்தது. நிரோஷியைக் காணவில்லை. உடலும் இல்லை. ஜெசி ரெலிபோனை வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்தாள். தொட்டிக்குள் நான் இரவுச் சாப்பாட்டுக்கு விளைமீன் ஊறப் போட்டிருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “மீன் வேண்டாம்” என்றாள். நான் அள்ளிக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

எனக்கு விளங்கியதாக நான் நினைத்தேன். அப்போது கரையோரமெல்லாம் அதே பேச்சுத்தானே. சனத்தைத் தின்ற மீனை எப்படித் தின்பது என்று ஊரில் ஒருவரும் மீன் வாங்குவதில்லை என்றார்கள். எனக்கே தொண்டைக்குள் இறங்காது. மீன் போனது பெரிதில்லை. பின்னால் இறைச்சி போனது, முட்டை போனது, கடைசியில் சோறும் போனது. மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு உண்ணாத பிறவி அவள். பாணைத் தேத்தண்ணியில் தோய்த்து இரண்டு துண்டு, அவ்வளவுதான். வயோதிபர் இல்லத்தில் சலவை வேலை செய்தவள், அங்கே கொடுத்த காற்சட்டை இடுப்பில் நிற்காமல் ஊசி குத்திக்கொண்டு போனாள். டொக்டர் இரத்தம் எடுத்தார், குளிசை கொடுத்தார், யாருடனாவது மனம்விட்டுப் பேச விருப்பமா என்று கேட்டார். “ஆரோட?” என்று ஜெசி என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. இரவில் பக்கத்தில் படுத்திருக்கும்போது அவளுடைய முதுகெலும்பு என் கையில் தட்டுப்படும். பயந்துபோனேன்.

அப்போதுதான் என் மண்டைக்குள் அந்தக் கணக்கு வந்தது. வீட்டிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் மைன் ஆறு. அந்த ஆற்றில் பார்ஷ் என்றொரு மீன். உடம்பில் கறுப்பு வரி, முதுகில் முள்ளுச் செட்டை, சதை இறுக்கம். கையில் எடுத்தால் கடல் மீனின் சாயல் தெரியும். ஆனால் அது எங்கள் கடலைக் கண்டதேயில்லை. அதைப் பிடித்துக் கொடுத்தால் இவளுக்கு அருவருப்பு வராது. உயிர்ப் புழுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். மண்ணுக்குள் கிடந்த புழு எதைத் தின்றதோ யாருக்குத் தெரியும்? ரப்பர்ப் புழுவென்றால் எந்தச் சதையும் எந்தச் சதையையும் தொட்டிராது. விசர்க் கணக்குத்தான். ஆனாலும் அந்த நேரம் எனக்குப் பிடித்துக்கொண்டு நிற்க அது ஒன்றுதான் இருந்தது.

வகுப்பில் ஒருநாள் ஆசிரியர் என்னை எழுப்பி, பிடித்த மீனை எப்படிக் கொல்வாய் என்று கேட்டார். நான் யோசிக்காமல், “அது தானாகச் செத்துவிடும்” என்றேன். எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பி, என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இங்கே மீனின் தலையில் கட்டையால் அடித்து முதலில் மயக்க வேண்டும், பிறகு கத்தியால் இதயத்தில் குத்த வேண்டும், அது துன்பப்படக் கூடாது, சட்டம் இருக்கிறது. எங்கள் வள்ளத்தில் ஆயிரம் மீன் துடித்துச் சாகும்போது நாங்கள் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு சோறு தின்றவர்கள். எனக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. தண்ணீருக்குள் நிரோஷி எவ்வளவு நேரம் துடித்தாள் என்று யார் கேட்டார்கள்? சோதனையில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதினேன்.

மைன் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே எனக்குப் பக்கத்தில் ஒவ்வொரு ஞாயிறும் நின்றவர் வேர்னர் என்ற ஒரு கிழவர். ஈயக் குண்டு அடியில் கிடக்க, புழு ஒரு சாண் மேலே மிதக்கிறமாதிரிக் கட்டுவதை அவர்தான் காட்டித் தந்தார். ஐந்தாறு கிழமை ஒன்றும் படவில்லை. பிறகு ஒரு காலையில் நூலில் டொக் டொக் என்று இரண்டு தட்டு, இழுத்தால் உள்ளங்கை நீளத்தில் ஒரு பார்ஷ். தலையில் அடிப்பதற்கு முன் கை தானாகச் சிலுவை போட்டது. வேர்னர் அதைக் கண்டுவிட்டார். அதிர்ஷ்டத்துக்காகக் கும்பிடுகிறேன் என்று நினைத்து, அடுத்த மீனுக்கும் வேண்டிக்கொள் என்று முதுகில் தட்டினார். மூன்று மீன் சேர்ந்ததும் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“பூனைக்கா?” என்றார்.

“என் மனைவிக்கு” என்றேன்.

கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பகிடி விட்டேன் என்று நினைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போய் மீனைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, நீதிமன்றத்தில் நிற்கிற அப்புக்காத்துமாதிரி வாதாடினேன். “ஜெசி, இது ஆத்து மீன். அந்தக் கடலைக் கண்டதில்லை. பிடிச்சதும் ரப்பர்ப் புழுவால. இதுக்குள்ள ஒரு பாவமும் இல்லை. நீ பயப்பிடாமச் சாப்பிடலாம்.” அவள் என்னைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். பிறகு லாச்சியைத் திறந்து கத்தியை எடுத்தாள். ஐயோ, எனக்கு வந்த சந்தோசம்! ஒரு வருசத்துக்கு மேல் அவள் கத்தி தொட்டு மீன் வெட்டினதில்லை. செதிளைச் சுரண்டினாள், வயிற்றைக் கீறினாள். ஆனால் குடலை எறியவில்லை. பழைய பேப்பரில் விரித்து, இரைப்பையை விரல் நுனியால் பிரித்தெடுத்து, அதையும் கீறிப் பார்த்தாள். ஒன்றுக்குள் ஏதோ ஒரு பூச்சியின் ஓடு. இன்னொன்றுக்குள் வேறு யாரோ அறுந்துபோகவிட்ட ரப்பர்ப் புழு, ஊதிப்போய், செரிக்காமல். மூன்றாவது வெறும் வயிறு.

“என்னத்தைப் பாக்கிறாய்?”

“ஒண்டுமில்லை.”

பொரித்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். தான் பாணையும் தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எட்டு ஞாயிறு இப்படிப் போனது. நான் மீனோடு வருவேன், அவள் வாசலிலேயே வாளியை வாங்கிக்கொள்வாள், வெட்டுவாள், வயிறு வயிறாகத் திறந்து பார்ப்பாள், எனக்குப் பொரித்துத் தருவாள். நான் மடையன், இதைச் சுகப்படுகிற அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். துப்புரவு பார்க்கிறாள், நம்பிக்கை வரட்டும், நாளைக்கு ஒரு துண்டாவது வாயில் வைப்பாள் என்று காத்திருந்தேன். ஒன்பதாம் ஞாயிறு அவள் கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சேருங்கோ, இனி இதைக் கொண்டுவராதேங்கோ.”

“ஏனப்பா? சின்ன மீனெண்டா?”

“இதுக்குள்ள அவள் இருக்க மாட்டாள்தானே.”

ஜெசி கதிரையில் இருந்து, ஏதோ கடைச் சாமான் சொல்கிறமாதிரிச் சொன்னாள். முதலில் அவளுக்கும் மீனைக் காண அருவருப்பாகத்தான் இருந்ததாம். பிறகொரு நாள், நான் வேலையில் நின்ற நேரம், சின்னம்மா ரெலிபோனில் ஒரு கதை சொல்லியிருக்கிறா. அங்கே ஒரு வீட்டில் பாரை மீன் வெட்டும்போது வயிற்றுக்குள் மோதிரம் ஒன்று கிடந்ததாம். யாருடையது என்று தெரியாமல் கோயிலில் கொடுத்தார்களாம். நிரோஷியின் கையிலும் மோதிரம் இருந்தது. கோயிலில் நடந்த உறுதிபூசுதலுக்கு என்று ஜெசி இங்கிருந்து அனுப்பிய, மாதா முகம் போட்ட மோதிரம்.

“எனக்கு அவளின்ர ஏதாவது ஒண்டு வேணும். மண்ணில தாட்டுக் கும்பிட ஒண்டு வேணும். நீங்கள் ஆத்து மீன் கொண்டு வாறியள். வயிறெண்டு கண்டாப் பாக்காமல் இருக்கேலாமல் பாக்கிறன். கடல் மீன் வாங்கித் தாங்கோ. முழு மீனா, வயிறு கீறாததா.”

“விசரா உனக்கு? எத்தினை கோடி மீன் அந்தக் கடலில?” என்று கத்தினேன்.

கத்தியதற்காக அன்றைக்கும் வெட்கப்பட்டேன், இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஒன்றரை வருசம். ஏன் மீன் வேண்டாம் என்றாய் என்று ஒரு நாள்கூடக் கேட்காமல், நானே விடையை எழுதி, அந்த விடைக்குச் சோதனையும் எழுதிப் பாஸ் பண்ணி, ஆற்றங்கரையில் ரப்பர்ப் புழுவை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தமிழ்க் கடைக்குப் போய், வயிறு கீறாத இலங்கை மீன் இருக்கிறதா என்று கேட்டேன். “அண்ணை, சனம் துப்புரவாக்கினதைத்தான் கேக்கிறது, நீங்கள் என்ன புதினமாக் கேக்கிறியள்?” என்று கடைக்காரத் தம்பி சிரித்தான். வெள்ளிக்கிழமை விமானத்தில் ஐஸ் போட்டு வந்த பெட்டிக்குள் ஒரு பாரை இருந்தது. நீர்கொழும்புப் பக்கம் பிடித்ததாம். நம்முடைய பக்கமில்லை என்று ஜெசியிடம் உண்மையைச் சொல்லிக் கொடுத்தேன். “கடல் ஒண்டுதானே” என்றாள். என்னால் குசினிக்குள் நிற்க முடியவில்லை. வாசலில் நின்றேன். கத்தியின் சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது. எட்டிப் பார்த்தேன். பேப்பரில் நாலைந்து குஞ்சு மீன், பாதி கரைந்த ஒரு கணவாய். வேறொன்றும் இல்லை. அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

எறிந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். துண்டு போட்டாள். புளி கரைத்தாள். வீடு முழுக்க மீன் குழம்பு மணந்தது. சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து மேசையில் இருந்து, பிசைந்து, வாயில் வைத்தாள். விழுங்கினாள். இரண்டாவது வாய் வைத்தாள். கண்ணீர் கன்னத்தால் வழிந்துகொண்டேயிருக்க, கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சாமல் சாப்பிட்டாள்.

“எப்பிடி ஜெசி உன்னால ஏலுது?” என்று கேட்டேன்.

“நான் வாங்காட்டி வேற ஆரும் வாங்கித் தின்னுவினம். அவள் ஆரெண்டு தெரியாத சனம். அதைவிட நான் சாப்பிடுறன்.”

அன்று தொடங்கி அவள் சாப்பிடுகிறாள். உடம்பு தேறிவிட்டது. டொக்டருக்குச் சரியான சந்தோசம். என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டார். மீன் என்றேன். “ஃபிஷ் இஸ்ட் கெஸுண்ட்”, மீன் உடம்புக்கு நல்லது, என்று தலையாட்டிக் கணினியில் பதிந்துகொண்டார். அந்த மோதிரம் இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், கேட்டதில்லை. எனக்குக் கடல் மீன் இன்னும் இறங்குவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அடுப்பில் இரண்டு சட்டி கொதிக்கும். ஒரே புளி, ஒரே தூள், கரண்டி மட்டும் வேறு வேறு. ஒரு மேசையில் எதிரெதிரே இருக்கிறோம். அவள் அந்தக் கடலைச் சாப்பிடுகிறாள், நான் இந்த ஆற்றைச் சாப்பிடுகிறேன்.