இன்பநாதனின் அரைமணி நேரம்

இன்பநாதனுக்குச் சூரியன்மேல் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. சந்தேகமெல்லாம் தன்மேல்தான். புனேயில், வானவடி ராணுவ மெஸ்ஸில் சமையல் பார்க்கும் சவரிமுத்துவின் மகன் அவன்; அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இயற்பியலில் பட்டம் வாங்கி, சதாசிவ பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கோளரங்கத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புரிந்துகொண்டு தேறினோமா, உருப்போட்டுத் தேறினோமா என்ற கேள்வி மட்டும் தினமும் அவன் சைக்கிளின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கூடவே வந்தது.

1978 மே விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வார அறிவியல் பயிற்சி நடத்தினான். அட்டைக் குழாயில் தொலைநோக்கி செய்தார்கள். பந்தையும் டார்ச் விளக்கையும் வைத்து நிலாவைத் தேயவைத்தார்கள், வளரவைத்தார்கள். கடைசி நாளான மே பதின்மூன்றுதான் பெரிய வேடிக்கை. அன்று புனேயில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. ஜூலை கடைசியிலும் ஒருமுறை வரும், ஆனால் அப்போது மழைமேகம் விடாது.

தலைமையாசிரியர் பெண்ட்சே பெற்றோர்களையும் அழைத்துவிட்டார். அவர்கள் மனம் நிறைந்து போனால் ஜூனிலிருந்து வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். போகாவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். இன்பநாதன் யோசிக்காமல் பன்னிரண்டு என்றான். கோளரங்கத்தில் வானத்தைக் காட்டும் கருவியை அதன் இயக்குநர் இஸ்மாயில் பாய் சுழற்றும்போது, முள் பன்னிரண்டைத் தொட்டதும் அரைவட்டக் கூரையில் சூரியன் உச்சிக்கு வந்து நிற்கும். அதை ஒரு வருஷமாகத் தினமும் பார்த்தவன் அவன்.

முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் அக்கா பிலிஸ் வேலைக்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் இணைப்பவள்.

"ஏல இன்பம், கல்கத்தா ஆபரேட்டருக்கு ஆறரைக்கே இருட்டிருச்சாம். குட் நைட் சொல்லுதா. எனக்கு இங்க ஜன்னல் வழியா வெயில் கண்ணக் குத்துது."

அவன் தலையாட்டினான். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சி, ஒரு டிபன் கேரியர், இரண்டு தண்ணீர் பாட்டில் எல்லாம் வரிசையாக நின்றன. சுற்றிலும் நாற்பது பெற்றோர்கள், வெள்ளைத் தொப்பி, குடை, கூலிங் கிளாஸ். விடுமுறை நாள் என்று பிலிஸும் வந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு இஸ்மாயில் பாய் மணியடித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். குச்சியின் காலடியில் பதின்மூன்று சென்டிமீட்டருக்கு நிழல், மேற்குப் பக்கமாகச் சாய்ந்து, சொகுசாகப் படுத்திருந்தது.

ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். நிழலும் சர்க்கார் ஆபீஸ் மாதிரி, சொன்ன நேரத்துக்கு நடக்காது என்று ஒருவர் மராத்தியில் சொல்ல, நல்ல சிரிப்பு. சிலர் ஸ்கூட்டரை நோக்கி நகர்ந்தார்கள். பெண்ட்சே குடையை விரித்துக்கொண்டார்.

"நிழல் போகலையேல?" என்றாள் பிலிஸ், மெதுவாக.

"தெரியுதுக்கா."

சவரிமுத்து மகனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவனுக்குள் எங்கேயோ ஒரு குரல். அப்போதுதான் சாக்பீஸால் நிழல் நுனியைக் குறித்துக்கொண்டிருந்த ஜமீலா என்ற சிறுமி, நிழல் இன்னும் குறுகிக்கொண்டே இருக்கிறதென்று காட்டினாள். பதினொன்றே முக்காலுக்குப் பத்தொன்பது, பன்னிரண்டுக்குப் பதின்மூன்று, இப்போது பத்து. சூரியன் இன்னும் வந்து சேரவில்லை. கிழக்கேதான் இருக்கிறது.

கிழக்கே. கல்கத்தாவில் ஆறரைக்கே இருட்டு.

நாடு முழுக்க ஒரே கடிகாரம். சூரியன் மட்டும் கிழக்கே இருப்பவர்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் புனேக்கு வருகிறது. கடிகாரம் எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகைக்கு, புனே எழுபத்துநாலில், டிகிரிக்கு நாலு நிமிஷம். இந்தக் கணக்கை அவன் பரீட்சையில் போட்டிருக்கிறான். பத்துக்குப் பத்து. தான் நிற்கிற மண்ணுக்கும் அது பொருந்தும் என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை. கோளரங்கக் கருவியின் முள் காட்டியது சூரியனின் மணி, சுவர்க் கடிகாரத்தின் மணி அல்ல.

தரையிலேயே கணக்குப் போட்டான். முப்பத்துநாலு நிமிஷம் தாமதம். மே மாதத்தில் சூரியன் மூன்று நிமிஷம் முந்திக்கொள்ளும். ஆகப் பன்னிரண்டு முப்பத்தொன்று.

இனி அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் பட்டம் கிழிந்துவிடும்போல் இருந்தது. சொல்லாவிட்டால் இத்தனை பேரும் சூரியன்தான் தப்புப் பண்ணியது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவன் வாசலுக்கு ஓடி, ஸ்கூட்டர்களுக்கு முன்னால் நின்றான்.

"மாஜீ சூக் ஜாலி," என்றான் தன் கன்டோன்மென்ட் மராத்தியில். தப்பு என்னுடையது. பிறகு கல்கத்தாவையும் கடிகாரத்தையும் சொல்லி, இன்னும் இருபது நிமிஷம் தாருங்கள் என்று கேட்டான்.

பாதிப் பேர் போய்விட்டார்கள். பாதிப் பேர் நின்றார்கள். பெண்ட்சே நின்றார்.

பன்னிரண்டரை. நிழல் ஒரு விரல்நகம் அளவுக்கு வந்தது. அடுத்த நிமிஷம் அதுவும் குச்சிக்கு அடியில் போய்விட்டது. டிபன் கேரியர் நிழலில்லாமல் படத்தில் ஒட்டவைத்தது மாதிரி நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குதித்துத் தங்கள் காலடியில் நிழலைத் தேடினார்கள். பெண்ட்சே குடையை மடக்கி நேராக நிறுத்தி, ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். கணக்கு முன்பே தெரியாதா என்று கேட்டார். பரீட்சையில் தெரியும், இங்கே தெரியவில்லை என்றான் இன்பநாதன். பிறகு பெண்ட்சே நிர்வாகக் குழுவுக்கு எழுதிய சிபாரிசில், இந்த ஆள் அரைமணி நேரம் தப்பாகச் சொல்வார், பத்து நிமிஷத்தில் தானே கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு வரி இருந்தது. ஜூனில் வேலை நிரந்தரமானது.

அதற்கப்புறமும் ஒவ்வொரு மே மாதமும் அவன் அறிவிப்பில் பன்னிரண்டு மணி என்றுதான் போடுவான். தெரிந்தே எதற்குத் தப்பாகப் போடுகிறீர்கள் என்று இஸ்மாயில் பாய் வருஷா வருஷம் கேட்பார். கொஞ்ச நேரம் அவர்களும் முழிக்கட்டும் பாய் என்பான். முழித்தவர்களில் யாராவது ஒருவர் குனிந்து நிழலை அளக்க ஆரம்பிப்பார். அவன் காத்திருப்பது அதற்குத்தான்.

பிலிஸ் மட்டும் சரியாகப் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வந்து இறங்குவாள்.

"எனக்குத்தான் விடை தெரியுமேல. நான் எதுக்கு அரைமணி நேரம் வெயில்ல காயணும்?"