மஞ்சள் துணி கட்டிய கியர் சைக்கிள்

சுகுணாவிடமிருந்து இதுவரை இரண்டு சைக்கிள்கள் களவு போயிருக்கின்றன. ஒன்று கடத்தூர் சந்தையில், பட்டப்பகலில், பூட்டியிருந்தபடியே போனது. இன்னொன்று அவள் வீட்டு வாசலிலிருந்தே போனது. அந்த இரண்டாவது திருடனைப் பற்றி அவள் கொஞ்சம் மரியாதையோடுதான் பேசுவாள். காரணம், கேரியரில் கட்டியிருந்த இட்லி மாவுத் தூக்கை அவன் அவிழ்த்து, மூடியை அழுத்தி மூடி, வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"பொண்டாட்டிக்கு ஒத்தாச பண்றவனா இருப்பான்க்கா. வெயில்ல வெச்சா மாவு பொங்கிடும்னு தெரிஞ்சிருக்குதே" என்றாள் போனில்.

சுகுணா என் சித்தி மகள். பாப்பிரெட்டிப்பட்டியில் மாவு வியாபாரம். காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று, மலையடிவார ஊர்கள் வரை சைக்கிளில் போய் வீடுவீடாக மாவு ஊற்றிவிட்டு வருவாள். கணவர் முனிராஜ் 'சின்ன யானை' என்கிற குட்டிச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கிருந்து அவளுக்காகக் கவலைப்பட்டதைத் தவிர நான் செய்த ஒரே காரியம், ஒரு பூட்டு வாங்கி அனுப்பியதுதான்.

அவளுக்கு சைக்கிள் மாவுக்கு மட்டும் வேண்டியதாக இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. சித்தேரி மலைப்பாதையில் ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது. பாதி தார் ரோடு, மீதி கல்லும் மண்ணுமான காட்டுத் தடம். பெண்களுக்குத் தனிப் போட்டி உண்டு என்று தெரிந்ததும், போன முறை இவள் மாவுத் தூக்கை மட்டும் இறக்கி வைத்துவிட்டு அதே சைக்கிளில் போய்க் கலந்துகொண்டாள். பாதி ஏற்றத்தில் செயின் அறுந்தது. தள்ளிக்கொண்டே உச்சி வரை போய், தள்ளிக்கொண்டே இறங்கி, கடைசியாக வந்து சேர்ந்தாள். மைக்கில் ஒருவர், "கடைசியா வந்தாலும் விடாம வந்த நம்ம மாவுக்காரம்மாவுக்கு ஒரு கைத்தட்டு" என்றார். எல்லோரும் தட்டினார்கள். அந்தத் தட்டு அவளுக்குச் செரிக்கவே இல்லை.

"பாவம்னு தட்டுனாங்கக்கா. அடுத்த வாட்டி அதே கையால வேற மாதிரி தட்ட வெக்கறனா இல்லியா பாரு."

வாசலிலிருந்து காணாமல் போனதும் அதே சைக்கிள்தான். மூன்றாவதைப் பிடித்துக் கொடுத்தது அமல்தாஸ். பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஓசூரில் யாரோ ஒரு இன்ஜினியர் தொப்பையைக் குறைக்க வாங்கி, ஈரத் துண்டு காயப்போட மட்டுமே பயன்படுத்திய கியர் சைக்கிள். டயரில் முள் முள்ளாக இருந்த ரப்பர்கூடத் தேயவில்லை. முனிராஜ் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இந்தா, இதும் காணாம போச்சுன்னு வெச்சுக்க, பந்தயமும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஒரு ஸ்கூட்டி வாங்கித் தரேன், மாவு ஊத்திட்டு வூட்டோட இரு."

அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு இங்கே தூக்கம் போனது. சைக்கிளைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி என்று இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து அனுப்பினேன். கடைசியில், ஊருக்குப் போன ஒருவர் கையில் அந்தப் பூட்டையும் கொடுத்தனுப்பினேன். கை விரல் தடிமனில் இரும்புச் சங்கிலி, அதன் முனையில் பூட்டு.

"குழவிக்கல்லு கனம் கனக்குதுக்கா" என்றாள். "இதை வூட்ல வுட்டுட்டுப் போனா சைக்கிள் போயிடும். கூடவே எடுத்துட்டு மலை ஏறுனா மானம் போயிடும்."

ஆனாலும் பூட்டு லேசுப்பட்டதல்ல. ஒரு நாள் முனிராஜ் சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, சாவியை எங்கேயோ வைத்துவிட்டார். ஆக்சா பிளேடு போட்டு அறுத்தார், பிளேடு உடைந்தது. அமல்தாஸ் கட்டர் கொண்டு வந்தான். கட்டரின் பல் போனது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. முனியப்பன் கோயில் பூசாரி ஆண்டி மாவு வாங்க வந்தவர், வந்த காரியத்தை மறந்து அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஜன்னலைச் சுவரிலிருந்து பெயர்த்து, ஜன்னலோடு சைக்கிளை வெளியே எடுத்தார்கள். மறுநாள் காலை ஒரு வீட்டில் மாவு ஊற்றும்போது கரண்டியில் சாவி வந்தது.

"நல்லவேளை எங்கண்ணுல பட்டுச்சு. இல்லாட்டி யாரோ இட்லில சாப்ட்டிருப்பாங்க" என்றாள்.

இதற்கிடையில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மாவு ஊற்றி முடித்ததும் அடிவாரத்திலிருந்து மலை ஏறுவாள். அமல்தாஸ் தன் பைக்கில் பின்னாலேயே வந்து கத்துவான்.

"எந்திரிச்சு நின்னு மிதிக்காதீங்கக்கா, பின்சக்கரம் வழுக்கும். உக்காந்தே மிதிங்க."

இறக்கத்தில் இன்னும் சத்தமாக: "முன்பிரேக்க மட்டும் புடிக்காதீங்க. சைக்கிள் நிக்கும், நீங்க போய்ட்டே இருப்பீங்க."

டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைத்தான். கல்மேல் பந்து மாதிரி குதிக்காமல் ஒட்டிக்கொண்டு போக வேண்டுமாம். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் சைக்கிளை நிறுத்தி, குழவிக்கல் சங்கிலியைப் போட்டு, மாவு ஊற்றி, மறுபடி சங்கிலியைக் கழற்றி எடுப்பதற்குள் அவளுக்கு மலை ஏறுகிற தெம்பு தீர்ந்துவிடும்.

அப்போதுதான் அவள் கண்ணில் கிடா பட்டது.

அது முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. அடுத்த வருஷப் பண்டிகைக்கு என்று கழுத்தில் மஞ்சள் துணியில் காசு முடிந்து விட்டிருந்தார்கள். கட்டிப்போட ஆள் கிடையாது, கேட்க நாதி கிடையாது. நடுரோட்டில் படுத்தால் பஸ் ஒதுங்கிப் போகும். சுகுணா வீட்டு வேலியோரம் அரளியும் செம்பருத்தியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கிடா வந்து அரளியை முகர்ந்துகூடப் பார்க்காமல், செம்பருத்தியை மட்டும் மொட்டையடித்துவிட்டுப் போகும். கல் எடுத்த முனிராஜ்கூட மஞ்சள் துணியைப் பார்த்ததும் கல்லைக் கீழே போட்டுவிட்டு, "போ சாமி" என்பார்.

ஊரில் இவ்வளவு கோழியும் ஆடும் காணாமல் போகின்றன. இந்தக் கிடாவை ஒருவனும் தொட்டதில்லை.

மறுநாள் சைக்கிள் ஹேண்டில்பாரில் மஞ்சள் துணி இருந்தது, காசு முடிச்சோடு. சுகுணா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் சிரித்து வைத்தாள். ஊர் தானாகவே புரிந்துகொண்டது.

அதன்பிறகு அவள் பூட்டைத் தொடவே இல்லை. கம்பைநல்லூர் சந்தையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிம்மதியாகக் காய் வாங்கினாள். காற்றில் சாய்ந்து விழுந்த சைக்கிளை ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தூக்கி நிறுத்தினார். பழுதான பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் போகிறபோக்கில் இதைத் தொட்டுக் கும்பிட்டாராம், பைக் கிளம்பிவிட்டதாம். யாரோ குங்குமம் வைத்தார்கள். யாரோ முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் செருகினார்கள். மாவு கொஞ்சம் புளித்திருக்கிறது என்று யாரும் வாய் திறப்பதில்லை. அமல்தாஸின் அம்மா மிக்கேலம்மாள் அந்தோணியார் சுரூபம் ஒன்றைக் கொண்டு வந்து சீட்டுக்கு அடியில் கட்டிவிட்டார்.

"தொலையாம பாத்துக்கறது உங்க சாமி. தொலஞ்சா கண்டுபுடிச்சுக் குடுக்கறது எங்க சாமி. ரெண்டும் இருக்கட்டும் கண்ணு."

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பூட்டாமல் விடாதே என்று நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல, அவள் அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வம்பு நான் பயந்த பக்கத்திலிருந்து வரவில்லை. ஒரு காலை, தூக்குச்சட்டியோடு பூசாரி ஆண்டி வந்தார்.

"ஏம்மா சுகுணா, சைக்கிளை எப்பக் கொண்டாந்து வுடற?"

"எங்க மாமா?"

"எங்கயா? கோயிலுக்குத்தான். வர்ற செவ்வாக்கெழம பண்டிகை இல்ல?"

"நான் எங்க மாமா நேர்ந்தேன்? துணிதான கட்டுனேன்."

"ஆட்டுக்குத் துணி கட்டிட்டு, குளுருக்குக் கட்டுனேன்னு சொல்லுவியா?"

சுகுணா மாவை ஊற்றினாள். ஆண்டி நகரவில்லை.

"அதும் போக, சாமிக்குன்னு வுட்டது மேல நீ ஏறி உக்காந்து ஊரைச் சுத்தற. கிடா மேல ஏறி உக்காருவியா? கமிட்டில எல்லாரும் பேசறாங்க. நாந்தான் அடக்கி வெச்சிருக்கறன்."

முனிராஜ் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "திருடனுக்குத் தப்பிச்சு சாமிகிட்ட மாட்டிக்கிட்ட போ. நான் ஸ்கூட்டி பாக்கறன்."

பண்டிகை செவ்வாய்க்கிழமை. பந்தயம் அதற்கடுத்த ஞாயிறு. கோயிலில் விட்டால் மண்குதிரைகளுக்கு நடுவில் கியர் சைக்கிள் காலத்துக்கும் நிற்கும். நேரவில்லை, சும்மா பயமுறுத்தக் கட்டினேன் என்று ஒப்புக்கொண்டால் ஊர் சும்மா விடாது. விட்டாலும் திருடன் விடமாட்டான். அன்று அவள் குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

"அக்கா, கைத்தட்டு வாங்காமயே போயிடுவனாட்டம் இருக்குது."

பூட்டு எங்கே இருக்கிறது, பத்திரமா என்று கேட்டேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பூட்டு என்றதும் அவள் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

"அக்கா, போன வருசம் முனியப்பன் கோயில் உண்டியலைத் தூக்கிட்டுப் போனாங்கல்ல?"

"ஆமா, சொன்னியே."

"புது உண்டியலை ஆண்டி மாமா தெனம் சாயங்காலம் தோள்ல வெச்சு வூட்டுக்குத் தூக்கிட்டுப் போறாரு. காலையில திரும்பத் தூக்கிட்டு வராரு. பாவம், தோள்பட்டை எறங்கிப் போச்சு." பிறகு, "செரி வெச்சுடறன்" என்றாள். குரலில் சிரிப்பு திரும்பியிருந்தது.

பண்டிகையன்று காலையில் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சங்கிலிப் பூட்டு கேரியரில் இருந்தது. ஊர்ச் சனம் கூடியிருந்தது. இரண்டையும் சாமி முன்னால் வைத்தாள்.

"மாமா, துணி கட்டுனப்ப சைக்கிளும் இருந்துச்சு, அதோட பூட்டும் இருந்துச்சு. சாமிக்கு எது வேணும்னு நான் எப்படி முடிவு பண்றது? பூ வெச்சுக் கேட்ருங்க. ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு எனக்கு."

பூ வைத்துக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். நனைத்த பூ இரண்டைச் சிலைமேல் ஒட்டவைத்து, எது முதலில் விழுகிறதோ அதுதான் சாமியின் உத்தரவு என்று எடுத்துக்கொள்வார்கள். சுகுணா முந்தானையிலிருந்து பூக்களை எடுத்துக் கொடுத்தாள். சைக்கிளுக்கு அரளி. பூட்டுக்குச் செம்பருத்தி. முதலில் விழுகிற பூ எதற்கோ, அது சாமிக்கு.

ஆண்டி கையில் வாங்கிப் பார்த்தார். "ரெண்டும் அரளியாவே இருக்கலாமே?"

"வூட்ல ஒரே ஒரு அரளிதான் மாமா பூத்துச்சு."

ஆண்டி அவளைப் பார்த்தார். புளியமரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த கிடாவைப் பார்த்தார். பிறகு பூட்டைப் பார்த்தார். அதை வெகுநேரம் பார்த்தார். தோளை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டு, "செரி" என்றார். பூக்களைச் சிலையின் முழங்காலில் வைத்தார். வழக்கமாகத் தோளில்தான் வைப்பார். முழங்கால் என்பது கிடாவின் வாய்க்கு எட்டும் உயரம் என்பதை நான் சொல்லவில்லை, அமல்தாஸ் பிறகு சொன்னான்.

சனம் காத்திருந்தது. பூ இரண்டும் அசையவில்லை. வெயில் ஏறியது. "ஒரு ஃபேன் போட்டுப் பாக்கலாங்களா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கிடா எழுந்தது. சோம்பல் முறித்தது. கூட்டம் வழிவிட, நேராகச் சிலையருகே வந்தது. அரளிப் பக்கம் மூக்கைக் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டது. செம்பருத்தியை ஒரே வாயில் உருவியது. மென்றபடி எல்லோரையும் ஒருமுறை பார்த்தது.

"இது கணக்குல வருமா?" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

ஆண்டி திரும்பினார். "கிடா யாருது?"

"சாமிது."

"அப்ப தின்னது யாரு?"

ஆண்டி சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். கனம் அவருக்குப் பிடித்திருந்தது. உண்டியலைக் கல்தூணோடு சேர்த்து அப்போதே பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"துணிய அவுத்துரு" என்றார் சுகுணாவிடம்.

"இருந்துட்டுப் போவுது மாமா. அழகா இருக்குது."

ஆண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவையும் சும்மா விட அவருக்கும் மனசு வரவில்லை போலும். "இருக்கட்டும். ஆனா துணி இருக்கற வரைக்கும் செருப்புக் காலோட ஏறக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அவள் வெறுங்காலோடு பந்தயத்துக்கு நின்றாள். பெடலின் இரும்புப் பல் பாதத்தைக் குத்தாமலிருக்க அமல்தாஸ் பழைய டியூபை வெட்டிச் சுற்றிக் கொடுத்திருந்தான். பக்கத்தில் சேலத்துப் பெண்ணும் பெங்களூர்ப் பெண்களும் கண்ணாடியும் கையுறையும் ஷூவுமாக நின்றிருந்தார்கள். ஏற்றத்தில் இவள் உட்கார்ந்தே மிதித்தாள். காட்டுத் தடத்தில் இரண்டு பேர் எழுந்து மிதித்துச் சறுக்கி விழுந்தார்கள். மலையூர் ஒன்றில் பாதை ஓரம் நின்றவர்கள் மஞ்சள் துணியைப் பார்த்ததும் மாடுகளை அவசரமாக ஒதுக்கி வழிவிட்டார்களாம். முன்னால் போன பெங்களூர்க்காரிக்கு அதே மாடுகள் வழிவிடவில்லையாம். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் அளவாகப் பிடித்து வந்து, சுகுணா மூன்றாவதாக முடித்தாள்.

"அதே ஆள்தான்க்கா மைக்ல. மாவுக்காரம்மான்னு சொல்லல, பேரச் சொன்னாரு."

"எப்படித் தட்டுனாங்க?"

"போன வாட்டி அளவுக்குச் சத்தம் இல்லக்கா. பொறாமைல தட்டுனா சத்தம் வராதில்ல."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை; சைக்கிளை உள்ளே எடுத்து வைத்தாயா என்று கேட்டுவிட்டேன்.

"வெளியதான் நிக்குது. நீ பயப்படாத. உம் பூட்டு சாமியப் பாத்துக்குது, சாமி சைக்கிளப் பாத்துக்குது. மாமா தோள்கூட இப்ப நேரா ஆயிடுச்சு." பிறகு குரல் போனை விட்டு விலகியது. "ஏய், ஏய்! இரு அக்கா, அப்புறம் பேசறன். கிடா வந்து சீட்டைத் திங்குது."