சாட்சிக் கூண்டு இல்லாத கோர்ட்

ஈரோட்டில் என் சித்தப்பாவின் வரப்புத் தகராறு முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப் கோர்ட்டில் தோற்று, ஹைகோர்ட்டில் ஜெயித்தது. கீழே தோற்றால் என்ன, மேலே பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் வீட்டு வேதம். கூறுகெட்டவன், அதை அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்துப் பிளெய்ன்ஸ்பரோவுக்கும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மருந்துக் கம்பெனி என்னை வேலையிலிருந்து நீக்கியது. இந்தியன் என்பதால்தான் என்று வழக்குப் போட்டேன். ஃபெடரல் சட்டம் என்பதால் மாநில கோர்ட்டுக்குப் போகாமல் ட்ரென்டனில் ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போனோம். டிஸ்ட்ரிக்ட் கோர்ட்தானே என்று எனக்கு இளக்காரம்.

மேனேஜர் உங்களை எப்படி நடத்தினார் என்று கூண்டில் என் வக்கீலம்மா கேட்டார். எதிரே என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அந்த ஆள் என்னைப்போலத் தலையாட்டி, என்னைப்போல ஆங்கிலம் பேசிக் காட்டுவார்; எல்லோரும் சிரிப்பார்கள்; நானும் சேர்ந்து சிரிப்பேன். இதை வக்கீலம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. பெண்டாட்டி முன்னால் எந்த முகத்தோடு சொல்வது? "கொஞ்சம் கடுமையாகப் பேசுவார்" என்று சொல்லி இறங்கிவிட்டேன். மிச்சத்தை மேல் கோர்ட்டில், அவள் இல்லாதபோது சொல்லிக்கொள்ளலாம்.

ஜூரி கைவிரித்தது. அப்பீல் பண்ணினோம். பல மாதம் கழித்து, அவளை வேலைக்கு அனுப்பிவிட்டு, கோட் போட்டுக்கொண்டு பிலடெல்பியா அப்பீல் கோர்ட்டுக்குத் தனியாகப் போனேன். மூன்று நீதிபதிகள் இருந்தார்கள். ஜூரி இல்லை, கூண்டும் இல்லை. நான் எங்கே நின்று பேசவேண்டும் என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இங்கே சாட்சியே கிடையாது, ட்ரென்டனில் பதிவானதைத்தான் படிப்பார்கள் என்றார். சுப்ரீம் கோர்ட்டில்? அங்கேயும் அப்படித்தான், அதுவும் அவர்கள் வழக்கை எடுத்துக்கொண்டால். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. தோற்றுவிட்டோம் என்று அங்கேயே தெரிந்தது.

சாயங்காலம் அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் சிரித்ததையும் சேர்த்து.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "கம்பெனி பிக்னிக்ல அந்தாளு உங்கள மாதிரி தலையாட்டிக் காட்டுனப்ப, தட்டோட உங்களுக்குப் பின்னாலதான் நின்னேன். நீங்க சிரிச்சீங்களேன்னு நானும் பேசாம வந்துட்டேன்."

அப்புறம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு.

"ட்ரென்டன்ல நாலு நாள் சும்மாதான உக்காந்திருந்தேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கூண்டேறிச் சொல்லியிருப்பனே!"