குறிப்பில் ஏறிய பொய்

"அந்த ஆளு நம்ம கம்பெனியில வேலையே பாக்கலீங்க. டீ குடிக்க வந்து போவாப்ல. பீடி ஜாஸ்தி."

காஸ்பரை அடக்கம் செய்த மறு வாரம், விசாரிக்க வந்த தொழிலாளர் துறை அதிகாரியிடம் முதலாளி தர்மராஜ் சொன்னது இது. காஸ்பரின் மனைவி ஜோஸ்பின் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை.

பீடி நாற்றம் அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொள்பவன் காஸ்பர். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், தர்மராஜின் பொம்மைக் கம்பெனியில், பதினோரு வருஷம் பிசிறு எடுத்தான். அச்சிலிருந்து கழற்றிக் காயவைத்த பொம்மையின் ஓரங்களைக் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்கும் வேலை. சுரண்டச் சுரண்ட மாவு பறக்கும். சாயங்காலம் வீடு வரும்போது இமை மயிர்கூட வெளுத்திருக்கும். கடைசி மூன்று மாதம் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினான், உட்கார்ந்தபடியே போனான். வயது நாற்பத்து நான்கு.

செத்தது ஒரு துக்கம். அவன் அங்கே இருந்ததே இல்லை என்றாக்கியது வேறு. முதலாவதை ஜோஸ்பின் ஜெபமாலையில் உருட்டிக் கரைக்கப் பார்த்தாள். இரண்டாவதைக் கரைக்க அவளுக்கு விருப்பமில்லை.

அவள் பி.ஏ. படித்தவள். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவள். ஒரு வருஷம் யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்தாள். அடங்கிவிட்டாள் என்று பேட்டையில் பேசிக்கொண்டார்கள். அவள் காத்திருந்தாள்.

சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வருகிறது, பொதுக் குறைகளை எழுதி அனுப்பலாம் என்று பேப்பரில் அறிவிப்பு வந்தது. மறுநாளே பேட்டை டீக்கடையில் அது விசாரணைக் கமிஷன் ஆகிவிட்டது. கமிஷன் வந்தால் ஜீப்பு வரும், போலீஸ் வரும், தர்மராஜைக் கையில் விலங்கு மாட்டி இழுத்துப் போவார்கள் என்று கதை வளர்ந்தது. காஸ்பருக்குப் பக்கத்துப் பலகையில் பிசிறு எடுத்த பானுமதி அந்தக் கதையோடு ஜெராக்ஸ் கடைக்கு ஓடி வந்தாள்.

ஜோஸ்பின் பொறுமையாகச் சொன்னாள். கமிஷன் என்பது அரசாங்கம் ஒரு சம்பவத்துக்காக வெளியிலிருந்து ஆள் போட்டு அமைப்பது, பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில். குழு அப்படியல்ல. அது சபையின் சொந்தக் கை. எல்லாக் கட்சி உறுப்பினர்களும் உட்கார்ந்திருப்பார்கள். ஆளைக் கூப்பிடலாம், காகிதத்தைக் கேட்கலாம், சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கலாம். தண்டனை கொடுக்காது. அறிக்கையைச் சபையில் வைக்கும், அவ்வளவுதான். பத்திரிகைக்காரர்கள் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் விசாரணைக் குழு என்று ஒரே பேரை மாட்டிவிடுகிறார்கள். பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது. யார் அமைத்தது, யாருக்குப் பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

"அப்ப கைது கெடையாதா?"

"கெடையாதுக்கா."

"அப்பறம் எதுக்குடி அது? பல்லில்லாத நாய அவுத்து வுட்ட மாதிரி."

"கடிக்காது. ஆனா அது முன்னால சொல்றது ஒண்ணு வுடாம எழுத்துல ஏறும். அங்க பொய் சொன்னா சபைகிட்டயே பொய் சொன்னதா ஆவும். உரிமை மீறல்னு அதுக்குத் தனிக் குத்தமே இருக்குது. மொதலாளி உண்மையச் சொல்லிட்டா எனக்கு ஒண்ணுமில்லக்கா. அவரு பொய் சொல்லணும்."

ஜோஸ்பின் மனுவை எழுதி முடித்ததும் பானுமதி அதை வாங்கிப் படித்தாள்.

படித்ததும் பானுமதிக்கு ஆத்திரம் வந்தது. பேட்டையில் தூசி உறிஞ்சும் கருவி வேண்டும், எல்லோருக்கும் நுரையீரல் சோதனை வேண்டும், கம்பெனிகளில் யார் வேலை பார்க்கிறார்கள் என்பதற்கே பதிவு இல்லை என்று மூன்றே குறை. புருஷன் பேரே இல்லையே என்றாள். பேர் இருந்தால் தர்மராஜ் உஷாராகி முதலில் கோர்ட்டுக்குப் போய்விடுவார், கோர்ட்டில் இருக்கும் விஷயத்தைக் குழு தொடாது என்று ஜோஸ்பின் விளக்கினாள். மனுவில் தன் பேரைப் போட்டுக் கையெழுத்திட்டாள். அந்தப் பேர் தர்மராஜுக்குத் தெரியாது. பதினோரு வருஷமும் அவருக்கு அவள் 'காஸ்பர் வூட்டுக்காரம்மா' மட்டும்தான்.

மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. சார் ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் குழு உட்கார்ந்தது. கம்பெனிக்காரர்கள் சார்பில் தர்மராஜை அழைத்திருந்தார்கள். சலவைச் சட்டையில் வந்தார். உறுப்பினர்களுக்கென்று பொம்மைகளை அட்டைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். செயலகத்து ஊழியர் அவற்றை அப்படியே திருப்பிக் கொடுத்தார். சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்விகள் தொடங்கின.

முகமூடி கொடுக்கிறோம், மின்விசிறி போட்டிருக்கிறோம் என்று தர்மராஜ் தெளிவாகவே சொல்லி வந்தார். பதிவு இல்லாமல் யார் வேலை செய்தார்கள் என்று எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டதும், வியாபாரிகளிடம் வழக்கமாகச் சொல்லும் பெருமை வாயில் வந்துவிட்டது.

"ஏங்க தெரியாது? பொம்மைக்கு அடியில கம்பெனி முத்திரை, வருஷம், பக்கத்துல பிசிறு எடுத்தவங்க எழுத்து. பச்சையா இருக்கறப்பவே கீறிடுவாங்க. சூளையில வெந்துட்டா அழியாதுங்க. ஒரு எழுத்து ஒருத்தருக்குத்தான்."

மனுதாரர் ஏதும் சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார். ஜோஸ்பின் எழுந்தாள்.

"காஸ்பர்னு ஒருத்தர் இவருகிட்ட வேலை பாத்தாரான்னு கேளுங்கய்யா."

தர்மராஜ் திரும்பிப் பார்த்தார். இப்போதுதான் அவள் யாரென்று தெரிந்தது. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ, ஒரு வார்த்தையில் நல்லவராகிவிடுவாரோ என்று ஜோஸ்பின் பயந்தாள். ஆண்டவரே, சொல்ல விடாதே என்று வேண்டிக்கொண்டாள். இப்படி ஒரு வேண்டுதலை அவள் வாழ்நாளில் வைத்ததில்லை.

"அப்படி யாரும் எங்கிட்ட வேலை பாக்கலீங்க."

"எழுதுறவங்க அத ஒரு தடவ படிச்சுக் காட்டணும்ங்கய்யா" என்றாள்.

சுருக்கெழுத்துக்காரப் பெண் ஏற்ற இறக்கமில்லாத குரலில் படித்தாள். சரிதானே என்று தலைவர் கேட்க, சரிதான் என்றார் தர்மராஜ்.

ஜோஸ்பின் துணிப்பையைத் திறந்தாள். மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டு வாங்கி வந்த கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். இடையன் ஒருவன், ஆடு இரண்டு. மூன்று வெவ்வேறு வருஷத்து வேலை. மூன்றையும் தலைவர் மேஜையில் கவிழ்த்து வைத்தாள். முத்திரை. வருஷம். பக்கத்தில் கத்தி முனையில் கீறிய 'கா'.

முத்திரை உங்களுடையதா என்று தலைவர் கேட்டார். ஆமாங்க. இந்த எழுத்து யாருடையது?

தர்மராஜ் ஒரு ஆட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"ஞாபகம் இல்லீங்க."

"அதையும் எழுதிக்கங்கம்மா" என்றார் தலைவர்.

பொய்ச் சாட்சியம் பற்றித் தனிக் குறிப்போடு விஷயம் சபைக்குப் போகும் என்று சொல்லி அடுத்த மனுவை எடுத்தார்கள்.

வெளியே புங்கமரத்தடியில் தர்மராஜ் வேகமாக வந்து சேர்ந்துகொண்டார். அவரோடு வந்தவர்கள் காரருகே தங்கிவிட்டார்கள்.

"ஏம்மா, எங்கிட்ட வந்து கேட்டிருக்கக் கூடாதா? காஸ்பரு நம்ம பய. பதினோரு வருஷம் என் கண்ணு முன்னால வேலை பாத்தவன்."

"உள்ள சொல்லியிருக்கலாமேங்க."

"வாய் தவறிடுச்சு. திருத்தி எழுதிக் குடுத்தா எடுத்துக்குவாங்களா? அவன் இங்கதான் வேலை பாத்தான், நான் சொன்னது பொய்யின்னு போட்டுக் குடுத்துடறேன். எப்படி எழுதணும்னு நீயே சொல்லு."

ஜோஸ்பின் காலிப் பையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

"கடைக்கு வாங்க. மனு எழுதறதுதான் என் தொழிலு. காலையில கூட்டமா இருக்கும், வரிசையில நிக்கணும்."